மாமா, ஊத்துங்க!

போன வாரம் அக்கா போனில் கூப்பிட்டு, டல்லாஸ் பக்கம் ஆலங்கட்டி மழை கொட்டித் தீர்த்துவிட்டது என்றாள். வாசலில் நின்ற காரின் முன்கண்ணாடி போய்விட்டதாம். கூரையைப் பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறார்களாம். அவள் சேதத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, என் மனம் வேறெங்கோ போய்விட்டது. ஆலங்கட்டி என்று யாராவது சொன்னால் எனக்கு மழை நினைவுக்கு வருவதில்லை. மார்பை நிமிர்த்தி நிற்கிற, நீலமும் வெள்ளையுமாக உடை போட்ட, கை முட்டியெல்லாம் பனி உறைந்த ஒரு பெரிய உருவம்தான் நினைவுக்கு வரும். அது என் அக்கா மகன். பிளேஸ்டேஷன் 3-இல் தொடங்கி நாங்கள் இருவரும் ஆறு வருடம் சேர்ந்து ஆடிய ‘டிசி யுனிவர்ஸ் ஆன்லைன்’ விளையாட்டில் அவனுக்கு ஆலங்கட்டி என்றுதான் பெயர்.

அந்த விளையாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. ஆலங்கட்டி மழை வந்து ஞாபகப்படுத்திவிட்டது, எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. சூப்பர்ஹீரோக்களை வைத்து, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் ஆடும் ஆன்லைன் விளையாட்டு என்றால் முதலில் எல்லோரும் சொல்வது 2004-இல் வந்த ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’. 2009-இல் ‘சாம்பியன்ஸ் ஆன்லைன்’ வந்தது. இரண்டுமே கம்ப்யூட்டருக்கானவை. சோபாவில் சாய்ந்து, டிவி முன்னால், கையில் கன்ட்ரோலரோடு ஆடுகிறவர்களுக்கு அந்த உலகம் பூட்டியே கிடந்தது. 2011 ஜனவரியில் அந்தப் பூட்டைத் திறந்தது டிசி யுனிவர்ஸ் ஆன்லைன். டெக்சஸில் ஆஸ்டின் நகரத்தில் இருந்த சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் ஸ்டுடியோவில் உருவானது. ஓவியர் ஜிம் லீ அதன் தோற்றத்துக்குப் பொறுப்பேற்றிருந்தார். கதைப் பக்கம் ஜெஃப் ஜான்ஸும் மார்வ் உல்ஃப்மனும். காமிக்ஸ் படிப்பவர்களுக்கு இந்த மூன்று பெயரே போதும், மேலே விளக்க வேண்டியதில்லை.

வந்த புதிதில் மாதம் 15 டாலர் சந்தா. அந்த வருடமே நவம்பர் 1-ஆம் தேதி சந்தாவை எடுத்துவிட்டு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நாங்கள் நுழைந்தது அதற்கடுத்த மாதம், கிறிஸ்துமஸ் விடுமுறையில். நான் நியூ ஜெர்சியில் எடிசன். அக்கா குடும்பம் டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில். அவள் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஊருக்குப் போகும்போதும் தீபாவளிக்குப் போனில் பேசும்போதும் “ஹாய் மாமா, பை மாமா” என்பதைத் தாண்டி அவன் என்னிடம் பேசியதில்லை. கூச்சம் ஒரு பக்கம். தமிழில் பேசினால் தப்பு வந்துவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். “நீயாவது அவன்கிட்ட ஏதாவது பேசேண்டா” என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். என்ன பேசுவது? இந்த விளையாட்டு இலவசமாகிவிட்ட செய்தியைப் படித்ததும் அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன். இரண்டு வீட்டிலும் ராத்திரி முழுக்க டவுன்லோடு ஓடியது.

சூப்பர்ஹீரோ கதையை இப்படிப்பட்ட விளையாட்டாக ஆக்குவதில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் உண்டு. சூப்பர்மேன் என்றால் ஒருவன்தான். அவன் ஒருவனே என்பதால்தான் அவன் சூப்பர்மேன். ஆனால் ஒரே சர்வரில் பல்லாயிரம் பேர் நுழைகிறார்கள், எல்லோருக்கும் பறக்க வேண்டும், எல்லோருக்கும் தீயைக் கக்க வேண்டும். எல்லோரும் சூப்பர்மேனாக முடியாது. பிறகு அவர்கள் யார்? இதற்கு எழுத்தாளர்கள் கண்டுபிடித்த விடை எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. தொடக்கக் காட்சி எதிர்காலத்தில் நடக்கிறது. பிளர் ஸ்டுடியோ செய்த அனிமேஷன் அது, தனிப் படமாகவே பார்க்கலாம். நாயகர்களும் வில்லன்களும் ஒருவரையொருவர் கொன்று தீர்த்துவிடுகிறார்கள். வில்லன் லெக்ஸ் லூத்தர் கடைசியில் சூப்பர்மேனையும் வீழ்த்திவிடுகிறான். ஜெயித்துவிட்டோம் என்று அவன் நிமிரும்போது வானத்தில் வேற்றுக்கிரக எதிரி பிரெய்னியாக்கின் கப்பல்கள். பூமியின் காவலர்கள் ஒருவர் விடாமல் போய்விட்ட பிறகுதான் பிரெய்னியாக் வருகிறான். அழிந்த அந்த உலகத்திலிருந்து லூத்தர் காலத்தில் பின்னோக்கி ஓடிவருகிறான். பிரெய்னியாக் மாவீரர்களின் ஆற்றலையெல்லாம் உறிஞ்சி ‘எக்ஸோபைட்’ என்ற நுண்கருவிகளில் சேர்த்து வைத்திருக்கிறான். லூத்தர் அவற்றைத் திருடிவந்து நம் காலத்துக் காற்றில் திறந்துவிடுகிறான். அவை மேலே பட்ட சாதாரண மனிதர்களுக்கெல்லாம் சக்தி வந்துவிடுகிறது. கடைக்காரருக்கு, பள்ளிக்கூடப் பையனுக்கு, அலுவலகம் விட்டு வீடு திரும்பும் எனக்கு.

ஆகவே இந்த உலகத்தில் நீங்கள் சூப்பர்மேன் இல்லை. அவர் ஒருவரால் ஆகாது என்று தெரிந்து அழைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் நீங்களும் ஒருவர். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே நான் இந்த விளையாட்டை நேசிக்கிறேன்.

முதல் நாள் சனிக்கிழமை. ஹெட்செட் மாட்டிக்கொண்டு இருவரும் பாத்திரம் படைக்கும் திரையில் உட்கார்ந்தோம். உடம்பு, சக்தி, ஆயுதம், பறப்பதா ஓடுவதா தாவுவதா, நிற்கும் நடக்கும் தோரணை என்று எல்லாமே நம் விருப்பம். உடைக்கு மூன்று வண்ணம் எடுக்கலாம். வேண்டுமானால் பேட்மேன் மாதிரி, ஜோக்கர் மாதிரி என்று ஒரு வார்ப்பை எடுத்து அப்படியே தொடங்கலாம். மருமகன் அதைத் தொடவே இல்லை. பனிச் சக்தி எடுத்தான், பெரிய உடம்பு எடுத்தான், பறக்க முடிவு செய்தான். பெயரில்தான் நின்றுவிட்டது. ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. ஐஸ், ஃப்ராஸ்ட் என்று அவன் போட்ட எல்லாப் பெயரும் ஏற்கெனவே போயிருந்தன. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “மாமா, ஹெயிலுக்குத் தமிழ்ல என்ன?” என்று கேட்டான்.

“ஆலங்கட்டி.”

“அதை எப்படி எழுதறது?”

ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பெயரை உலகத்தில் யாரும் எடுத்திருக்கவில்லை. அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான் இயற்கைச் சக்தி எடுத்திருந்தேன், பச்சையும் மரப்பட்டைப் பழுப்பும் நிறம். அவன் தமிழ்ப் பெயர் வைத்த பிறகு நான் மட்டும் ஆங்கிலத்தில் வைப்பதா? எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்தை நினைத்துக்கொண்டு ‘வேம்பு’ என்று வைத்தேன்.

ஒரு தப்பு செய்தோம். தொடக்கத்தில் வழிகாட்டி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாயகர் பக்கம் சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன். வில்லன் பக்கம் லூத்தர், ஜோக்கர், சர்ஸி. அவன் சூப்பர்மேனை எடுத்தான், நான் வொண்டர் வுமனை. ஆளுக்கு ஒருவர் எடுத்தால் சுவையாக இருக்கும் என்று நினைத்தோம். யாரை எடுக்கிறோமோ அவருடைய கதை வழியில்தான் நம் பயணம் போகும் என்று தெரியாது. தொடக்கத்தில் நம்மை அடைத்துவைத்திருக்கும் பிரெய்னியாக்கின் கப்பலிலிருந்து தப்பி வெளியே வந்து பார்த்தால் அவன் வேலை ஓர் இடத்தில், என் வேலை வேறோர் இடத்தில். ஒரு வாரம் அப்படியே ஆடினோம். பக்கத்து ஊருக்கு இரண்டு பஸ்ஸில் தனித்தனியாகப் போகிற மாதிரி இருந்தது. ஒன்பதாம் நிலை வரை ஏறியிருந்த வேம்பை அழித்துவிட்டு, சூப்பர்மேன் வழியில் மறுபடி முதலிலிருந்து வளர்த்தேன். வருத்தமே இல்லை. அந்தக் கப்பல் காட்சியை இன்னொரு முறை பார்க்கக் கிடைத்தது. காதில் பேட்மேனின் கூட்டாளி ஆரக்கிளின் குரல் வழி சொல்ல, இயந்திரங்களை உடைத்துக்கொண்டு ஓடி, கடைசி அறையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது சூப்பர்மேன் வந்து நம் பக்கத்திலேயே நின்று சண்டை போடுவார். நம்மைக் காப்பாற்றி ஓரமாக உட்காரவைக்க மாட்டார். தோளோடு தோள் நிற்பார். முதல் அரை மணி நேரத்திலேயே விளையாட்டு தன் மனசை நமக்குக் காட்டிவிடுகிறது.

வெளியே இரண்டு நகரங்கள். மெட்ரோபோலிஸ், கண்ணாடிக் கோபுரங்களும் அகலச் சாலைகளுமாக விரிந்தது. கோதம், மழையும் இருட்டும் ஈரச் செங்கல்லுமாகக் குறுகியது. பறக்கும் அனுபவத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரு பொத்தானை அழுத்தியதும் ஆலங்கட்டி தரையை விட்டு எழுவான், மேலாடை பின்னால் படபடக்கும், தெரு சிறுத்துக்கொண்டே போகும். எனக்கு வாய்த்தது அதிவேக ஓட்டம். சமதரையில் மட்டும் ஓடுவதில்லை, ஓடிய வேகத்திலேயே கட்டிடச் சுவர் மேலும் நேராக ஏறலாம். டெய்லி பிளானெட் பத்திரிகைக் கட்டிடத்தின் உச்சியில் அந்தப் பெரிய உருண்டை இருக்கிறதல்லவா, அதுதான் எங்கள் சந்திப்பு இடம். அவன் பறந்து வந்து இறங்குவான், நான் சுவரேறி வருவேன். யார் முதலில் என்று ஒவ்வொரு ராத்திரியும் பந்தயம். அங்கே நின்றுகொண்டு பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, அம்மா ஏன் திட்டினாள் என்றெல்லாம் அவனாகவே சொல்ல ஆரம்பித்தான். நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டான். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் பேச்சு தானாக வருகிறது.

சண்டைக்கு வருகிறேன். இந்த வகை விளையாட்டுகளில் பெரும்பாலானவை எதிரியைக் குறிவைத்துவிட்டு ஒரு வரிசைப் பொத்தான்களைத் தட்டுவதோடு முடிந்துவிடும். இது அடிதடி விளையாட்டின் வழியில் செய்தது. அடிகளைக் கோத்து அடிக்க வேண்டும். தூக்கக்கூடிய பொருள் எது கிடந்தாலும் தூக்கி எறியலாம், காரைக்கூட. சண்டையின் அடியில் ஒரு மூன்றுமுனைக் கணக்கு ஓடுகிறது. எதிரி பாய்ந்து அடிக்க வரும்போது தடுத்து நின்றால் அவன் சிதறுவான். தடுத்தே நிற்பவனை ஓங்கி உடைக்கும் அடி சிதறடிக்கும். உடைக்க ஓங்குபவனைப் பாய்ச்சல் சிதறடிக்கும். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் நீளமான பெயர்கள். சண்டை நடுவில் அவ்வளவு நீளம் சொல்ல நேரமில்லை. “மூடு, உடை, பாய்” என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அந்த மூன்று சொல்லும் அவன் வாயில் எவ்வளவு இயல்பாகப் புழங்கின என்று அக்காதான் ஆச்சரியப்பட்டாள். பக்கத்து அறையிலிருந்து “பாய், பாய், மூடுங்க மாமா மூடுங்க” என்று கேட்குமாம்.

ஆனால் இந்த விளையாட்டின் உயிர் நான்கு பொறுப்புகளில் இருக்கிறது. எல்லோரும் அடிக்கலாம், அது ஒரு பொறுப்பு. சில நிலைகள் ஏறிய பிறகு, எடுத்த சக்தியைப் பொறுத்து இரண்டாவது பொறுப்பு ஒன்று திறக்கும். தீயும் பனியும் எடுத்தவர்கள் டேங்க். எதிரிகளின் கவனத்தையெல்லாம் தன் மேல் இழுத்துக்கொண்டு அடியை வாங்குகிறவர்கள். தீக்காரர் அடிவாங்கி அடிவாங்கித் தன்னையே தேற்றிக்கொள்வார். பனிக்காரர் கவசத்துக்கு மேல் கவசம் போட்டுக்கொண்டு நிற்பார். இயற்கையும் மாந்திரீகமும் எடுத்தவர்கள் ஹீலர், மற்றவர்களின் உயிரை ஏற்றுகிறவர்கள். கருவிகளும் மனோசக்தியும் எடுத்தவர்கள் கன்ட்ரோலர். கையில் பிடிப்பதற்கும் அதே பெயர்தான், குழம்ப வேண்டாம். மற்றவர்களுக்குச் சக்தி வற்றாமல் ஊட்டுவதும் எதிரிகளை அசையவிடாமல் கட்டிப்போடுவதும் அவர்கள் வேலை.

நாங்கள் யோசித்து எடுக்கவில்லை. அவனுக்குப் பனி பிடித்தது, எனக்குப் பச்சை பிடித்தது. ஆனால் அதனால் அவன் டேங்க் ஆனான், நான் ஹீலர் ஆனேன். அதாவது அவன் அடிவாங்குவான், நான் அவனைச் சாகாமல் பார்த்துக்கொள்வேன். பதின்மூன்று வயதுப் பையன் முன்னால் நிற்க, தாய்மாமன் பின்னால் நின்று அவன் தலைக்கு மேல் தெரியும் அந்தச் சின்னப் பட்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எதிரியின் முகத்தைக்கூடப் பல நாள் நான் பார்த்ததில்லை. மருமகனின் பட்டை குறைகிறதா, ஏறுகிறதா, அது மட்டும்தான் என் கண்ணில்.

இயற்கைச் சக்தியின் மருத்துவம் தனி வகை. ஒரேயடியாக உயிரை நிரப்பாது. மகரந்தம் மாதிரி ஒருவர் மேல் ஒட்டும், பிறகு பக்கத்தில் நிற்பவர்களுக்கும் பரவும், அப்புறம் மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே இருக்கும். அடி விழுந்த பிறகு போட்டால் காலம் கடந்துவிடும். விழப்போகிறது என்று தெரிந்து முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல மாதம் பிடித்தது. பட்டை சரியும்போது அவன் ஒரு நாள் பதற்றத்தில் “மாமா, ஊத்துங்க!” என்று கத்தினான். ‘ஹீல்’ என்பதற்கு அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. பாட்டி வீட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லக் கேட்ட சொல்தான் நாக்கில் வந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு மருத்துவம் என்றால் ஊத்துவதுதான். எனக்கு அதைவிடச் சரியான சொல் இன்றுவரை கிடைக்கவில்லை.

நாலு பேர் சேர்ந்து போகும் பணிகளை அலர்ட் என்பார்கள். இரண்டு இடத்துக்கு யாராவது முன்பின் தெரியாதவர்கள் வந்து சேர்வார்கள். ஆர்காம் மனநல விடுதிக்குள் ஸ்கேர்குரோ என்ற வில்லனைத் தேடிப் போனது, ஸ்மால்வில் வயல்வெளிக்குப் போனது எல்லாம் அப்படித்தான். புதியவர்கள் ஹெட்செட்டில் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு எந்த மொழி என்று கேட்பார்கள். மருமகன்தான் பதில் சொல்வான். முதல் தடவை தயங்கித் தயங்கிச் சொன்னான். பிறகு யாரும் கேட்கும் முன்பே சொல்ல ஆரம்பித்தான். ஆலங்கட்டி அவர்கள் வாயில் நுழையாது, ‘ஆலன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடிக்கடி எங்களோடு வந்த ஒருவர் ஓஹையோ பக்கத்து ஆள் என்று சொன்னார். பார்க்காமலே பழக்கம். கருவிச் சக்திக்காரர், வில்லெடுத்து அடிப்பார். சில மாதம் போன பிறகு ஒரு ராத்திரி அவர் பட்டை திடீரென்று சரிந்தபோது அவரும் “ஊத்துங்க!” என்று கத்தினார். மருமகன் அன்று சிரித்த சிரிப்பில் சண்டையில் தோற்றோம். மறுபடி ஆடி ஜெயித்தோம்.

இந்த உலகத்தில் ஆடுகிறவர் யாரும் சாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயிர்ப்பட்டை தீர்ந்தால் ‘நாக் அவுட்’, அவ்வளவுதான். தரையில் கிடப்போம். கூட இருக்கும் ஒருவர் சண்டையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்து தூக்கிவிட வேண்டும். தூக்கிவிட ஓரிரு நொடிதான் ஆகும். ஆனால் அந்த ஓரிரு நொடியும் தூக்குகிறவர் அடிக்க முடியாது, தடுக்க முடியாது. எத்தனை பேருக்கு அதற்கு மனசு வரும்? எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த செயல் பறப்பது இல்லை, இதுதான்.

எட்டுப் பேர் சேர்ந்து போகும் ரெய்டில் இதன் அருமை தெரியும். பிரெய்னியாக்கின் இயந்திரங்கள் பேட்கேவுக்குள்ளேயே புகுந்துவிட்ட ரெய்டுகள் உண்டு. பேட்மேனின் குகையிலேயே நின்று அதை மீட்கப் போராட வேண்டும். 2012 கோடை விடுமுறையில் அதில் ஒன்றை நாலு ராத்திரி தொடர்ந்து ஆடித் தோற்றோம். ஐந்தாம் ராத்திரி கடைசிச் சண்டை. இன்னொரு ஹீலர் விழுந்துவிட்டார், அடிக்கிறவர்களில் இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள். என் சக்தி வற்றிக்கிடக்கிறது. ஆலங்கட்டி நடுவில் நின்று மொத்த அடியையும் வாங்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஊத்துவதா, விழுந்த ஹீலரைத் தூக்குவதா? நான் திணறுவது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. “மாமா, என்னை விடுங்க. அவரைத் தூக்குங்க. நான் நிப்பேன்” என்றான். குரல் உடைந்துகொண்டிருந்த வயது. அந்தக் கட்டைக் குரலில், முழுத் தமிழில், ஒரு சொல்கூடத் தடுக்காமல் சொன்னான். தூக்கினேன். அவன் கவசத்துக்கு மேல் கவசம் போட்டு நின்றான். அந்த ஹீலர் எழுந்ததும் அவர் இரண்டு பேரைத் தூக்க, நான் ஆலங்கட்டிக்கு ஊத்த, எட்டுப் பேரும் நிமிர்ந்து, அந்த ராத்திரி முடித்தோம். மணி இங்கே ஒன்றரை. சத்தம் போட்டால் வீட்டில் எழுந்துவிடுவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். அக்காவிடம் இதைச் சொல்லி விளக்க முடியவில்லை. ஆனால் அவன் சொன்ன வாக்கியத்தை மட்டும் அப்படியே சொன்னேன். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

குரல்களைப் பற்றி ஒரு வார்த்தை. பேட்மேனுக்கு கெவின் கான்ராய், ஜோக்கருக்கு மார்க் ஹாமில், ஹார்லி க்வின்னுக்கு ஆர்லீன் சார்க்கின். 1992-இல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரில் பேசிய அதே மூவர். கான்ராய் 2022 நவம்பரிலும் சார்க்கின் 2023 ஆகஸ்டிலும் காலமானார்கள். கான்ராய் போன செய்தி வந்த அன்று ராத்திரி நான் கோதமுக்குப் போனேன். எந்த வேலையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரு கூரை விளிம்பில் வேம்பை நிற்கவைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் யாராவது புதிதாக விளையாட்டுக்குள் வந்தவர் பேட்மேனிடம் வேலை வாங்கிக்கொண்டிருப்பார், அவர் காதில் அந்தக் குரல் ஒலித்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது.

குறையும் உண்டு. போடும் கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் வலிமையைக் காட்டும் ஓர் எண் உண்டு. புதிய அத்தியாயம் வரும்போதெல்லாம் அந்த எண் மேலே போகும். மூன்று மாதம் பாடுபட்டுச் சேர்த்த கவசம் அடுத்த அத்தியாயம் வந்ததும் சாதாரணமாகிவிடும். வேலைக்குப் போகிறவர்களால் அந்த ஓட்டத்தோடு ஓட முடியாது, எண்ணைத் துரத்துவதை நானும் பாதியில் நிறுத்திவிட்டேன். கன்சோலில் எழுத்தில் அரட்டையடிப்பது பெரும்பாடு, திரையில் வரும் தட்டச்சுப் பலகையில் எழுத்தெழுத்தாக நகர்த்த வேண்டும். ஆனால் ஒரு நல்ல ஏற்பாட்டையும் செய்திருந்தார்கள். ஒரு முறை அணிந்த உடுப்பின் தோற்றம் நம் தொகுப்பில் என்றைக்கும் தங்கிவிடும். மேலே எந்தக் கவசம் போட்டாலும் பார்ப்பதற்கு நமக்குப் பிடித்த பழைய உடை மாதிரியே வைத்துக்கொள்ளலாம். ஆலங்கட்டி கடைசிவரை முதல் வருடத்து நீல வெள்ளை உடையிலேயே இருந்தான். 2013-இல் வீடு கட்டிக்கொள்ளும் வசதி வந்தபோது அவன் ஒரு கூடத்தை எடுத்து, நாங்கள் ஜெயித்துவந்த பொருள்களையெல்லாம் சுவரோரம் அடுக்கிவைத்தான். எனக்கும் அதில் ஒரு மூலை ஒதுக்கினான்.

பிறகு அவன் வளர்ந்தான். பத்தாம் வகுப்பில் வாரம் ஒரு ராத்திரி ஆனது, பன்னிரண்டாம் வகுப்பில் மாதம் ஒரு ராத்திரி. ஆஸ்டினில் கல்லூரி கிடைத்தது. அந்த விளையாட்டு பிறந்த ஊருக்கே போகிறான் என்று நான் சொன்னபோதுதான் அவனுக்கே அது தெரிந்தது. கல்லூரிக்குப் போகும்போது பிளேஸ்டேஷன் 4 வாங்கிக்கொண்டான். அதிலும் அதே கணக்கு, அதே ஆலங்கட்டி. இரண்டு கன்சோலுக்கும் ஒரே சர்வர் என்பதால் நான் பழைய 3-இலேயே இருந்தேன்.

பிளேஸ்டேஷன் 3-க்கான சேவையை 2018 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள். பாத்திரங்கள் அழியாது, 4 வாங்கினால் தொடரலாம். அது தெரிந்தும் மனசு கேட்கவில்லை. அந்த ராத்திரி அவனுக்கு மறுநாள் பரீட்சை. வருவான் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மெட்ரோபோலிஸில் நடந்து, பழைய இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு, டெய்லி பிளானெட் சுவரில் ஓடி ஏறினேன். உருண்டைக்குப் பக்கத்தில் நீல வெள்ளை உடையில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

“பரீட்சை இருக்குல்ல மாப்ளே?”

“படிச்சிட்டேன் மாமா. நான்தான் முதல்ல வந்தேன், பார்த்தீங்களா?”

அவன் வகுப்புகளைப் பற்றி, கூடத் தங்கியிருந்த பையனைப் பற்றி, சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேசினான். எல்லாம் தமிழில்தான். நடுநடுவே ஆங்கிலம் வந்தால் நிறுத்தித் தமிழ்ச் சொல்லைத் தேடினான். வாய்விட்டுச் சொல்லாமல் இருவரும் காத்துக்கொண்டிருந்தோம். கீழே தெருவில் யார்யாரோ பறந்துகொண்டிருந்தார்கள். பேச்சின் நடுவில் என் திரை நின்றது, இணைப்பு விடுபட்டது என்ற செய்தி வந்தது.

ஒரு நிமிடத்தில் போன் அடித்தது.

“மாமா, வேம்பு மறைஞ்சிட்டாரு.”

“நீ போய்ப் படு. காலையில பரீட்சை.”

“சனிக்கிழமை கடைக்குப் போய் நாலு வாங்கிடுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்.”

சனிக்கிழமை வாங்கினேன். டவுன்லோடு முடிய ராத்திரி ஆகிவிட்டது. வேம்பு பழைய பச்சை உடையிலேயே வந்து இறங்கினார். புது கன்ட்ரோலரில் பொத்தான்கள் கைக்குப் பிடிபடாமல் தடுமாறித் தடுமாறிச் சுவரேறினேன். அவன் பெயர் தலைக்கு மேல் தெரிந்தது. பக்கத்தில் போனதும் ஹெட்செட்டில் குரல் வந்தது.

“லேட்டு மாமா. வாங்க, ஓஹையோக்காரரும் இருக்காரு, ஆள் குறையுதாம்.”